பளபளப்பு

வீட்டில் ஒரு பொருள் மங்கலாகத் தெரிந்தால் நமக்குக் கை சும்மா இருப்பதில்லை. சாம்பலைப் போட்டுத் தேய்க்கிறோம். புளி போட்டு விளக்குகிறோம். அதுவும் போதாதென்றால் கடைக்குப் போய் ஒரு வர்ண டப்பா வாங்கி வந்துவிடுகிறோம். குத்துவிளக்குக்கு இந்த வைத்தியம் சரிதான். ஆனால் உலகத்திலுள்ள பொருள்கள் எல்லாம் குத்துவிளக்குகள் அல்ல. இந்தச் சின்ன விஷயத்தை என்னுடைய 12-வது வயதில் ஒரு துப்பாக்கியிடம் படிக்க ஆரம்பித்தேன். பாடம் முடிய 33 வருஷம் ஆயிற்று.

துப்பாக்கி என்றதும் வாசகர்கள் பயந்துவிட வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒரு குருவிகூடச் சுடப்படப் போவதில்லை.

என் தாய்வழித் தாத்தாவுக்குக் குற்றாலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், கொஞ்சம் வயலும் ஒரு தோப்பும் இருந்தன. கூடவே ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் இருந்தது. அவருடைய தகப்பனார் மதராஸில் வாங்கியது. அந்தக் காலத்தில் மவுண்ட் ரோடில் துப்பாக்கி வாங்குவது அப்படியொன்றும் அதிசயமில்லை. கடிகாரத்துக்குப் பெயர்போன பி. ஓர் அண்டு சன்ஸ்கூடத் துப்பாக்கி விற்றவர்கள்தாம். எங்களுடையது வேறு கடையில் வாங்கியது. இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையில் அந்தக் கடைக்காரர் பெயரும் மதராஸ் என்ற ஊர்ப்பெயரும் இங்கிலீஷில் சாய்வெழுத்தில் வெட்டப்பட்டிருந்தன.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்ததும் தாத்தா வேட்டையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு துப்பாக்கிக்கு வீட்டில் உத்தியோகம் எதுவும் இல்லை. கிழங்குத் தோட்டத்தில் பன்றி இறங்கிவிட்டதென்று ஆள் ஓடி வந்து சொன்னால்கூட, "டின்னைத் தட்டுங்கப்பா" என்றுதான் சொல்வார். உத்தியோகம் போனாலும் அதற்கு மரியாதை மட்டும் குறையவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியறை அலமாரியைத் திறந்து அதை எடுப்பார். ஜன்னலோரமாகப் பாயை விரித்து உட்காருவார். பழைய மல்வேஷ்டித் துண்டில் தையல் மிஷின் எண்ணெயை மூன்றே சொட்டு விட்டு, குழலை அடி முதல் நுனி வரை ஒரே வாகில் தடவுவார். பிறகு உலர்ந்த துணியால் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுவார். போட்ட எண்ணெயை ஏன் துடைக்க வேண்டும் என்பது எனக்குப் புரியாது. துடைத்தபின் விரல் படாமல் துணியோடு பிடித்து, வாய் கீழே இருக்கும்படி தலைகீழாக அலமாரிக்குள் நிறுத்துவார். அதுவும் புரியாது. அலமாரித் தட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. எண்ணெய்க் குப்பி, துணிகள், இவற்றோடு ஓரம் தேய்ந்த விக்டோரியா ராணி காலணா ஒன்றும் அதில் கிடக்கும். ஏதோ ராசிக்காசு என்று நினைத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் அவரே எனக்குக் காட்டியிருக்கிறார். குழலை வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்து, "இங்க பாருலே, ஆத்துத் தண்ணி ஓடுது" என்பார். உண்மையிலேயே ஓடும். காபிக்கொட்டை நிறத்து இரும்புக்குள்ளே, வெளுப்பும் கறுப்புமாகச் சின்னச் சின்னச் சுழிகள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நுனி வரைக்கும் போகும். தாத்தாவின் முகம் அப்போது பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் என் கண்ணுக்கு அந்தக் காபி நிறம் அழுக்காகத்தான் பட்டது.

1991-ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு நான் அங்கே இருந்தேன். வீடே எதையாவது விளக்கிக்கொண்டிருந்தது. அத்தை அரிவாள்மணையைத் தேய்த்தாள். மாமா மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்டினார். கிணற்றடியில் மண்வெட்டிகள்கூட மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றன. தாத்தா தென்காசிக்குப் போயிருந்தார். துப்பாக்கி மட்டும் அழுக்கோடு பூஜைக்கு வரலாமா? அலமாரிச் சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும்.

கழற்றத் தெரியாததால் அப்படியே முழுசாகக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். காபி நிறம் கரைந்து கறுப்புத் தண்ணீராக ஓடிற்று. அழுக்குப் போகிறதென்று எனக்கு ஒரே உற்சாகம். பிறகு மாமாவின் தச்சுச் சாமான்களிலிருந்து உப்புத்தாள் எடுத்து வந்து மத்தியானம் வரை தேய்த்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

சாயங்காலம் தாத்தா வந்தார். பூஜை வரிசையில் துப்பாக்கி எவர்சில்வர் டம்ளர் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. நான் பாராட்டை எதிர்பார்த்துப் பக்கத்திலேயே நின்றேன். அவர் குனிந்து எடுத்தார். விளக்குப் பக்கமாக ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார். என்னுடைய கையைப் பார்த்தார். "நல்லாப் பளபளன்னு இருக்குலே" என்றார். சந்தனக் கிண்ணத்தை எடுத்தவர், இரும்பில் வைக்காமல் மரக்கட்டையில் ஒரு பொட்டு வைத்தார். அன்று எனக்குச் சுண்டல் இரண்டு கை அதிகமாகவே கிடைத்தது.

ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை என்பதை நான் கண்டுபிடித்தது இரண்டு நாள் கழித்து. யாரிடமும் சொல்லவில்லை. 1997-இல் தாத்தா காலமாகும் வரை அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சுழிகளுக்கு டமாஸ்கஸ் என்று பெயர் என்பதைப் பெரியவனானபின் புத்தகங்களில் படித்தேன். பெயர்தான் டமாஸ்கஸே தவிர, குழல் அந்த ஊரில் செய்ததல்ல. டமாஸ்கஸ் வாள் என்று ஐரோப்பியர்கள் அதிசயப்பட்ட வாள்கள் உண்டு. அவற்றுக்குப் பேர்போன உருக்கு இந்தியாவிலிருந்து போனது. மண் மூசையில் வைத்து உருக்கி எடுத்த கட்டி. பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவலூரில் அத்தகைய மூசைகளின் சிதறல்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வாளில் தெரியும் நீரோட்டம் உருக்கும்போதே இரும்புக்குள் பிறந்தது. துப்பாக்கிக் குழலின் நீரோட்டம் அப்படியல்ல. அது மனிதன் கையால் முறுக்கியது. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்ததால் பெயரும் ஒட்டிக்கொண்டது.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துக்குப் பக்கத்தில் வெஸ்ட்ர் என்று ஓர் ஆறு. அதன் கரைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாக இந்த வேலை செய்தார்கள். இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி ஒன்றாக்குவார்கள். அதை நீளமான கம்பியாக இழுப்பார்கள். கம்பியைத் திரும்பக் காய்ச்சி, தேங்காய்நார்க் கயிறு திரிப்பதுபோல் முறுக்குவார்கள். முறுக்கிய கம்பிகள் இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துப் பட்டையாக்கி, அந்தப் பட்டையை ஓர் இரும்புத் தண்டின்மேல் சுற்றிச் சுற்றி, சுற்றுக்குச் சுற்று காய்ச்சி அடித்து ஒட்ட வைப்பார்கள். பிறகு உள்ளே கடைந்து, வெளியே ராவினால் குழல். சுருட்டை முடி போன்ற ஒரு தினுசுக்கு அவர்கள் வைத்த பெயர் க்ரோல். சுருள் என்று அர்த்தம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாமிலும் இதே வேலை நடந்தது. ஒரே வார்ப்பில் வரும் எஃகுக் குழல் மலிவாகவும் உறுதியாகவும் கிடைக்க ஆரம்பித்தபின் இந்தத் தொழில் தேய்ந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு அநேகமாக முடிந்தே போயிற்று.

இத்தனை பாடுபட்ட பிறகும் அந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆச்சரியம். ராவி மெருகிட்ட குழல் வெறும் வெள்ளை இரும்பாகத்தான் இருக்கும். கோலத்தை வெளியே அழைத்து வருவது துரு. ஆம், நாம் எதற்குப் பயப்படுகிறோமோ அதே துரு. ஒரு கரைசலைப் பூசிக் குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அந்தத் துருவைத் தேய்த்து எடுத்து, மறுபடி பூசி, மறுபடி எடுத்து, இப்படிப் பல தடவை செய்கிறார்கள். இரும்பும் எஃகும் ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. ஒன்று கறுத்து நிற்கும். ஒன்று வெளுத்து நிற்கும். முறுக்கின் வழியெல்லாம் அப்போது தெரியும். கடைசியில் மேலே தங்குவது காகிதத்தைவிட மெல்லிய ஒரு பழுப்பு. அடக்கி வைத்த துரு என்று அதைச் சொல்லலாம். அது குழலுக்கு அழகு. கெட்ட துரு சுலபமாக அண்டாதபடி கொஞ்சம் காவலும்கூட. புளியின் அமிலத்துக்கு முன் அது எத்தனை நேரம் நிற்கும்? நான் கிணற்றடியில் கரைத்து ஓடவிட்டது அதைத்தான்.

2024-இல் பார்லிமெண்டுத் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கும் வழக்கப்படி மாமாவும் ஒப்படைத்தார். ஜூன் மாதத்தில் சாரலோடு அது வீடு திரும்பியபோது குழலெங்கும் செம்புள்ளிகள். மாமா டெலிபோனில் கூப்பிட்டார்.

"மருமகனே, எனக்கு வயசு 74 ஆச்சு. லைசென்ஸைப் பையன் பேருக்கு மாத்தணும். அதுக்கு முன்னால மதுரையில குடுத்து நீலம் போட்டுப் புதுசு மாதிரி ஆக்கிரலாம்னு பாக்கேன். கூட வாயேன்."

போனேன். மதுரையில் லைசென்ஸ் உள்ள ஒரு பழுதுக்கடை. முன்பக்கத்தில் இருந்த இளைஞர் குழலைப் பார்த்த மாத்திரத்தில், "ஒரே நாள் வேலை சார். கொதிக்கிற உப்புத் தொட்டியில முக்கி எடுத்தா கன்னங்கரேல்னு வந்துடும்" என்றார். மாமாவுக்கு முகம் மலர்ந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வெள்ளைத் தாடி, மூக்கின் நுனியில் கண்ணாடி. குழலை வாங்கி விரல் நகத்தால் பட்டை ஓரத்தைத் தடவினார்.

"இதைத் தொட்டியில போடக் கூடாது தம்பி. இது ஈயப் பற்றுல நிக்குது."

இரண்டு குழல்களையும் நடுப்பட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயம் கலந்த பற்று. கொதிக்கும் கார உப்பு அதை அரித்துவிடும். போதாததற்குப் பட்டைக்கு அடியிலுள்ள இடுக்கில் உப்பு புகுந்துகொண்டால் கழுவி எடுக்கவும் வழியில்லை. உள்ளேயே இருந்து தின்றுகொண்டிருக்கும். ஒரு நாள் வேலைதான்; அதோடு துப்பாக்கியின் வேலையும் முடிந்தது.

பிறகு அவர் குழலை வெளிச்சத்தில் திருப்பினார். "யாரு தேய்ச்சது இதை?" என்றார்.

மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான்தான், பாய்" என்றேன். 33 வருஷத்தில் அன்றுதான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"எத்தனை வயசுல?"

"பன்னிரண்டு."

"நல்ல உழைப்பு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். அந்தக் காலத்திலேயே போலிகள் உண்டாம். சாதாரணக் குழலின்மேல் டமாஸ்கஸ் கோலத்தை அமிலத்தால் அச்சுப்போல் பதித்து விற்றிருக்கிறார்கள். அசலானால் கோலம் இரும்புக்குள்ளே இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் மறுபடி அழைக்கலாம். போலியானால் தேய்த்ததோடு சரி.

எனக்கு நெஞ்சு உலர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக நான் மறைத்து வைத்திருந்த குற்றம் தீரக்கூடியதா, தீராததா என்பது இந்த மனிதரின் மேஜைமேல் முடிவாகப் போகிறது.

அவர் முன்கட்டையைத் தட்டிக் கழற்றினார். அதற்கு அடியில், என்னுடைய உப்புத்தாள் எட்டாத ஒரு சாண் நீளத்துக்கு, பழைய காபி நிறமும் சுழிகளும் அப்படியே இருந்தன. தாத்தாவின் ஆறு அந்த மரத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று எழுத்துக்கள். மேலே ஒரு கிரீடம். "லியேஜ் சோதனை முத்திரை. கிரீடம் இருக்கு, 1893-க்குப் பின்னால செஞ்சது" என்றார்.

"அப்படியானால் அசல்தானே, பாய்?"

"அவசரப்படாதீங்க. போலியா இருந்தாலும் இந்த இடத்துல மிஞ்சத்தான் செய்யும்."

நான் தேய்த்த பகுதியில் ஒரு மூலையை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்தார். பஞ்சை ஒரு கரைசலில் நனைத்து ஒற்றினார். மூவரும் குனிந்து பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு, குளிர்ந்த கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மங்கல். அந்த மங்கலுக்குள்ளிருந்து, கட்டைவிரல் ரேகை மாதிரி ஒரு சுழி எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"இருக்கு" என்றார் பாய்.

எட்டு நாள் வேலை. மாமாவை ரெயிலேற்றிவிட்டு இரண்டு நாள் நான் தங்கி வேடிக்கை பார்த்தேன். குழல்களின் வாயில் மரத்தக்கை அடித்தார். அதைப் பிடித்துத்தான் தூக்கவேண்டும். சுண்ணப்பொடியைக் குழைத்துப் பூசி எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தார். அதற்குப்பின் கையால் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டால் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. மயில்துத்தம் கலந்த கரைசலைப் பிழிந்த பஞ்சால் ஒரே இழுப்பாகப் பூசி, ஈரத்துணி தொங்கும் ஒரு மரப்பெட்டிக்குள் இரவு முழுவதும் வைத்தார். காலையில் குழல் முழுவதும் செந்துரு! பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. வெந்நீரில் அலசி, மென்கம்பித் தூரிகையால் அந்தத் துருவை வாரினார். அடியில் ஒரு மெல்லிய பழுப்பு மிஞ்சியது. மறுபடி பூச்சு, மறுபடி பெட்டி. "பசங்க சூடு குடுத்துச் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பாங்க. துருவை அவசரப்படுத்தினா அது பள்ளம் தோண்டிடும்" என்றார்.

கடைசி நாள் மாமாவும் நானும் திரும்பப் போனோம். குழலை ஒன்றும் சொல்லாமல் என் கையில் கொடுத்தார், ஒரு துணியோடு. சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் ஓடியது.

எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. பட்டையில் மதராஸ் கடைக்காரரின் பெயர் பாதிதான் இருக்கிறது. மீதியை நான் தேய்த்துத் தள்ளிவிட்டேன். திரும்ப வெட்டட்டுமா என்று மாமா கேட்டதற்குப் பாய் தலையை ஆட்டினார். "போனது போனதாவே இருக்கட்டும். இன்னொருத்தன் எழுத்தை நாம எழுதக் கூடாது."

பராமரிப்புக்கும் அவர்தான் வழி சொன்னார். வெறும் விரலால் குழலைத் தொடக் கூடாது. வியர்வையின் உப்பு ஒரே ராத்திரியில் ரேகையை அச்சடித்துவிடும். தொட்டால் உடனே துடைக்க வேண்டும். பித்தளைக்குப் போடும் மெருகுத் திரவம் ஆகாது. உப்புத்தாளும் இரும்பு நாரும் கிட்டேயே வரக் கூடாது. எண்ணெய் போட்டுத் துடைத்தால் மிஞ்சுகிறதே ஒரு பூச்சு, அதுவே போதும். கெட்டியாகப் பூசினால் தூசியைக் கூட்டும். வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தை ஊறவைத்துவிடும். அதனால்தான் தலைகீழாக நிறுத்துவது. தேங்காய் எண்ணெய் நாளானால் பிசினாகிக் காறிவிடும். தையல் மிஷின் எண்ணெய்தான் சரி. எண்ணெய்க்குப் பதில் மெழுகும் பூசலாம். பிரிட்டிஷ் மியூசியத்து ஆராய்ச்சிக்கூடத்தில் பழம்பொருள்களுக்கென்று ஒரு மெழுகு செய்தார்களே, அந்த ஜாதி. தோல் உறைக்குள் மூடி வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட அமிலமும் அதில் உண்டு. சந்தனம் குங்குமம் எல்லாம் மரத்துக்குத்தான். தோட்டா போட்டுச் சுடுவதை மறந்துவிட வேண்டும். இன்றைய மருந்தின் அழுத்தத்துக்கு அந்த முறுக்கை நம்ப முடியாது.

"துருப்புள்ளி வந்துவிட்டால்?" என்று கேட்டேன்.

மாமா கொண்டுவந்திருந்த தகரப் பெட்டியைப் பாய் துழாவினார். காலணாவை எடுத்து, தேய்ந்த ஓரத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "இதை வெச்சிருந்தவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே" என்றார். புள்ளியின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைத்து, செப்புக்காசின் ஓரத்தால் மெல்லச் சுரண்ட வேண்டும். செம்பு இரும்பைவிட மெத்து. துருவைத்தான் எடுக்கும், குழலைக் கீறாது.

திரும்பும் ரெயிலில் மாமா வெகுநேரம் பேசாமல் வந்தார். ராஜபாளையம் தாண்டியதும், "இப்பச் சொன்னா என்ன" என்று ஆரம்பித்தார்.

"நீ தேய்ச்சியே, அதுக்கப்புறம் அப்பா மாசத்துக்கு ஒருக்கா துடைக்கிறதில்லை. வாராவாரம் துடைப்பார். வெள்ளை இரும்பு, நம்ம ஊர்ச் சாரல். ஒரு வாரம் விட்டாப் புள்ளி வந்துரும். ஒரு ஞாயித்துக்கிழமை பாக்கியில்லை. காய்ச்சல்லகூட உக்காந்து காசை வச்சுச் சுரண்டிக்கிட்டிருப்பார். நீ லீவுக்கு வந்தா மட்டும் அந்த அலமாரியைத் திறக்க மாட்டார். 'பையன் கண்டா மனசு கஷ்டப்படுவான்'னு சொல்லுவார். அவர் போனப்புறம் நான் அவ்வளவு பாக்கலை. எண்ணெயைக் கெட்டியாப் பூசி வச்சிருவேன்."

ஆறு வருஷம். சுமார் 300 ஞாயிற்றுக்கிழமைகள். என்னுடைய ஒரு காலைநேரப் பளபளப்புக்கு அவர் கட்டிய வட்டி அது. அந்தக் காசின் ஓரம் எப்படித் தேய்ந்தது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இப்போது மாமாவுக்குக் கை நடுங்குகிறது. அவர் பையன் வெளியூரில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். மாமா சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னலோரம் பாயை விரித்து, முன்கட்டையைக் கழற்றிவிட்டு ஆரம்பிப்பேன். கழற்றினால் ஓரிடத்தில் மெல்லிய ஒரு கோடு தெரியும். இந்தப் பக்கம் பெல்ஜியத்துக் கொல்லன் போட்ட பழுப்பு. அந்தப் பக்கம் மதுரைப் பாய் போட்டது. வேண்டுமானால் கோடு தெரியாமல் கலந்துவிடலாம் என்று பாய் சொன்னார். வேண்டாம் என்றேன். அது நான் போட்ட கோடு, இருக்கட்டும்.

மூன்று சொட்டு எண்ணெய். அடியிலிருந்து நுனி வரை ஒரே வாகு. பிறகு துடைத்துவிடுகிறேன்.